கிரைய அக்ரிமென்ட் போட்டு, பத்திரம் முடிக்கும் முன்பே அடுத்தவருக்கு மாற்றிவிடுவது: புதியவரின் சட்டக் கேள்விகள்

#1 கரூர்_புதுசு
எல்லாருக்கும் வணக்கம். யூடியூபில் 'ஹோல்சேலிங்' என்று அமெரிக்க வீடியோக்கள் நிறைய ஓடுகின்றன. நம் ஊரில் அக்ரிமென்ட் போட்டுக் கைமாற்றிவிடுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். கையில் ஒரு இடம் இருக்கிறது: 60 சென்ட் புஞ்சை, சென்ட் 40,000 வீதம் 24 லட்சம். 2 லட்சம் அட்வான்ஸ், 90 நாள் கெடு. அதற்குள் சென்ட் 48,000-க்குப் பார்ட்டி பிடித்து நேராக அவர் பேரில் பத்திரம் முடித்தால் மொத்தம் 28.80 லட்சம், வித்தியாசம் 4.80 லட்சம். பட்டா மட்டும் ஓனருடைய இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது.

கேள்விகள்: இது சட்டப்படி சரியா? அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தே ஆகவேண்டுமா? அக்ரிமென்ட்டுக்குப் பதில் பவர் (ஓனர் சார்பில் செயல்பட அதிகாரப் பத்திரம்) வாங்கிவிட்டால் சுலபமா? ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டுமா? விவசாய நிலம் என்பதால் லாபத்துக்கு வரி கிடையாது என்கிறார்களே, உண்மையா?

#2 வாய்தா_வக்கீல்
தம்பி, முதலில் அமெரிக்க வீடியோவை மூடிவையுங்கள். அங்கேயே மாநிலத்துக்கு ஒரு சட்டம். இல்லினாயில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிக் கைமாற்றினால் புரோக்கர் லைசென்ஸ் வேண்டும். அந்த ஊர் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழாக்கி இங்கே நீட்டினால் ஒரு வேலைக்கும் ஆகாது.

இங்கே அடிப்படை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 54. கிரைய அக்ரிமென்ட் நிலத்தில் உங்களுக்கு எந்த உரிமையையும் உண்டாக்காது. 'சொன்ன விலைக்குப் பத்திரம் எழுதிக் கொடு' என்று ஓனரைக் கேட்கும் உரிமை மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் விற்கப்போவதும் அந்த உரிமையைத்தான். 'என் இடம் விற்பனைக்கு' என்று விளம்பரம் போட்டு மூன்று பேரிடம் டோக்கன் வாங்கினால் அது மோசடி வழக்கு: 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318(4), ஏழு ஆண்டு வரை சிறை. பழைய 420-தான் எண் மாறியிருக்கிறது.

உரிமையை மாற்றிக் கொடுப்பது சட்டப்படி சரி. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 15(பி) அதை ஏற்கிறது. ஆனால் அக்ரிமென்ட்டிலேயே 'மாற்றிக் கொடுக்கக் கூடாது' என்று எழுதியிருந்தால் போச்சு. இன்னொன்று, உரிமையை மாற்றலாம், கடமையை ஓனர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. 1962-இல் கர்தா கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது உங்கள் பார்ட்டி கடைசி நேரத்தில் காலை வாரினால் மீதி 22 லட்சத்துக்கு ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

#3 பத்திரப்பேனா
வாசகம் எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும் நான் சொல்கிறேன். 'தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் காட்டும் நபர் பெயருக்கோ, தங்கள் செலவில், கிரையப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்.' இந்த ஒரு வரி இல்லாத அக்ரிமென்ட் உங்கள் தொழிலுக்கு உதவாது. கூடவே, 'அவ்வாறு காட்டும் நபரிடம் தாங்கள் பெறும் அதிகத் தொகையில் எனக்கு உரிமையில்லை' என்றும் எழுதுங்கள். சண்டை வருவதே அந்த இடத்தில்தான். பத்திரத்தன்று 28.80 என்ற எண்ணைப் பார்த்ததும் ஓனர் வீட்டில் மச்சான், மாமன் எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு சென்ட்டிலும் ஹெக்டேர்-ஏர்ஸிலும், நான்கெல்லை, பாதை உரிமை, கிணற்றில் எத்தனை பங்கு, மின் இணைப்பு எண். புஞ்சைக்குப் பாதையும் கிணற்றுப் பங்கும் எழுதாமல் விட்டால், 48,000-க்கு வரும் பார்ட்டி அதைக் காட்டியே 42,000-க்குக் கேட்பார்.

#4 நாலெல்லை
பதிவு விஷயத்தில் ஒரு நடைமுறைக் கருத்து. 30, 45 நாள் டீலுக்கு யாரும் பதிவு செய்வதில்லை. பதிவு என்றாலே ஓனர் மிரள்வார். வில்லங்கத்தில் (சொத்தின் பதிவுகளைக் காட்டும் சான்றில்) ஏறிவிட்டால் அவரால் வேறு யாருக்கும் விற்க முடியாது என்று பயம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, இரண்டு சாட்சி, நோட்டரி முத்திரை, செக் நம்பர். இவ்வளவுதான் ஊர் வழக்கம்.

#5 வாய்தா_வக்கீல்
ஊர் வழக்கம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய அக்ரிமென்ட்டும் அசையாச் சொத்து குறித்த பவரும் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கின்றன. பதிவு செய்யாத அக்ரிமென்ட்டை வைத்து 'பத்திரம் எழுதிக் கொடு' என்று வழக்குப் போடலாம், அந்த வழக்கில் அது சாட்சியமாகும் என்று 2023 ஏப்ரலில் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு 'பதிவே வேண்டாம்' என்று சிலர் பேசுகிறார்கள். தவறு.

காரணம் மூன்றாம் ஆள். உங்களிடம் 2 லட்சம் வாங்கிய ஓனர் அடுத்த மாதமே வேறொருவருக்குப் பத்திரம் முடித்துவிட்டார் என்று வையுங்கள். அந்த ஆள் பணம் கொடுத்து, நல்லெண்ணத்தில், உங்கள் அக்ரிமென்ட் இருப்பது தெரியாமல் வாங்கியிருந்தால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 19(பி) அவரைக் காப்பாற்றும். நிலம் உங்களுக்குக் கிடைக்காது, அட்வான்ஸுக்கும் நஷ்டஈட்டுக்கும் அலைய வேண்டியதுதான். அக்ரிமென்ட் பதிவாகி வில்லங்கத்தில் ஏறியிருந்தால் 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லவே முடியாது. சுவாதீனம் இல்லாத, அதாவது நிலத்தைக் கைவசம் ஒப்படைக்காத அக்ரிமென்ட்டுக்குப் பதிவுக் கட்டணம் அட்வான்ஸ் தொகையில் 1%. உங்கள் கணக்கில் 2,000 ரூபாய். 4.80 லட்சத்தைக் காக்க 2,000 யோசிக்கிற தொகையா?

சுவாதீனம் மட்டும் எழுதாதீர்கள். 'இன்று முதல் சுவாதீனம் ஒப்படைத்தேன்' என்று ஒரு வரி நுழைந்தால் கட்டணம் முழு விலைக்குக் கணக்காகும்.

#6 தோட்டத்துக்காரர்
ஓனர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். அக்ரிமென்ட்காரருக்குப் பார்ட்டி கிடைக்காமல் கெடு முடிந்துவிடுகிறது. ஆள் போனை எடுப்பதில்லை. வில்லங்கத்தில் அக்ரிமென்ட் அப்படியே நிற்கிறது. அடுத்து வாங்க வருபவரின் பேங்க் வக்கீல் 'ரத்துப் பத்திரம் எங்கே' என்கிறார். 2 லட்சம் வாங்கியதற்கு நிலம் இரண்டு வருடம் முடங்கிக் கிடக்கும். பதிவு வேண்டாம் என்று ஓனர் சொல்வது ஏமாற்றுவதற்கு என்றே நினைக்காதீர்கள்.

#7 பத்திரப்பேனா
நியாயமான பயம். அதற்கு அக்ரிமென்ட்டிலேயே மருந்து உண்டு. கெடு முடிந்து 7 நாளுக்குள், கிரையம் பெறுபவர் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸில் திரும்பத் தர வேண்டியது எவ்வளவோ அதை ஓனர் அதே நாளில் டி.டி.யாகத் தர வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று கட்டி எழுதினால் இரு பக்கமும் நிம்மதி. 'கெடு தாண்டினால் தானாகவே ரத்து' என்ற வாசகத்தை மட்டும் நம்பாதீர்கள். அது தாளில் ரத்தாகும், வில்லங்கத்தில் ஆகாது.

எதையும் நிரப்பாத ரத்துப் பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்து கேட்கும் ஓனர்களும் உண்டு. கொடுக்காதீர்கள் தம்பி.

#8 கரூர்_புதுசு
நன்றி. பார்ட்டி கிடைத்த பிறகு பத்திரத்தை எப்படி முடிப்பது? என் பேரில் ஒருமுறை, அவர் பேரில் ஒருமுறை என்று இரண்டு பதிவா?

#9 நாலெல்லை
இரண்டு பதிவு போட்டால் உங்களுக்கு மிஞ்சாது. இப்போது கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 24 லட்சத்துக்கு 2,16,000 ரூபாய். உங்கள் 4.80-இல் 45% அங்கேயே போய்விடும். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) உங்கள் விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல் கட்ட வேண்டும், இன்னும் கூடும்.

அதனால் எல்லாரும் செய்வது மூன்று தரப்புப் பத்திரம். ஓனர் எழுதிக் கொடுப்பவர், பார்ட்டி எழுதி வாங்குபவர், நீங்கள் சம்மதம் தெரிவிக்கும் தரப்பு. பதிவான அக்ரிமென்ட்டின் ஆவண எண்ணைப் பத்திரத்தில் காட்டி, 'அந்த ஒப்பந்தப்படி எனக்கிருந்த உரிமையை இவருக்கு விட்டுக்கொடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்திடுவீர்கள். தீர்வை ஒரே முறை, அதையும் பார்ட்டி கட்டுவார்: 28.80-க்கு 2,59,200.

#10 வரிக்கணக்கு
இதில்தான் எல்லாரும் குழப்புகிறார்கள். பத்திரத்தில் விலை 24 என்று போட்டு, 4.80-ஐ வெளியே ரொக்கமாக வாங்குகிறார்கள். பார்ட்டிக்கு இது இரட்டை நஷ்டம். தீர்வையில் குறைமதிப்புப் பிரச்சினை ஒன்று. நாளை அவர் விற்கும்போது வாங்கிய விலை 24 என்றுதான் கணக்கில் நிற்கும் என்பது இன்னொன்று.

பத்திரத்தில் மொத்தம் 28,80,000 என்று போடுங்கள். அதில் 24,00,000 ஓனருக்கு இன்ன டி.டி. எண், 4,80,000 சம்மதத் தரப்புக்கு இன்ன டி.டி. எண் என்று பிரித்து எழுதுங்கள். ஓனர் 28.80 வாங்கியதாக அவர் தலையில் வரி ஏறாது. ஓனருடைய 24-இல் உங்கள் அட்வான்ஸ் 2 லட்சம் அடக்கம். அதைப் பார்ட்டி உங்களுக்குத் திருப்பித் தருகிறாரா, அல்லது கழித்துக்கொள்கிறாரா என்பதும் அதே பாராவில் வரவேண்டும். இல்லையென்றால் பத்திரத்தன்று சார்பதிவாளர் முன்னாலேயே கணக்குத் தகராறு.

அடுத்து ரொக்கம். அசையாச் சொத்துக்கான அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 269எஸ்எஸ், 2015 ஜூன் 1 முதல். 2026 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு, அதனால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், வாங்கியவர் மேல். நீங்கள் ஓனருக்கு 2 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தால் மாட்டுவது ஓனர். பார்ட்டியிடம் நீங்கள் ரொக்கமாக டோக்கன் வாங்கினால் மாட்டுவது நீங்கள். அட்வான்ஸைத் திருப்பும்போதும் அதே 20,000 வரம்புதான்.

'விவசாய நிலத்துக்கு வரி இல்லை' என்பது கிராமப்புற விவசாய நிலத்தை விற்கும் ஓனருக்கு. நீங்கள் நிலத்தை விற்கவில்லை, உங்களிடம் நிலமே இல்லை. உங்கள் 4.80 லட்சம் வருமானம். இதையே தொழிலாகச் செய்தால் வியாபார வருமானம். ஆவணச் செலவு, வக்கீல் கட்டணம், அளவைச் செலவு ரசீதுகளை வைத்துக்கொண்டால் கழிக்கலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்து, விவசாய நிலமாக இல்லாவிட்டால் வாங்குபவர் 1% டி.டி.எஸ். (விலையிலேயே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். ஓனர் வெளிநாட்டுவாசி என்றால் அந்த 1% கணக்கு பொருந்தாது, வேறு பிரிவு, அதிகப் பிடித்தம். அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

#11 நாலெல்லை
மூன்றாவது வழியையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்ரிமென்ட்டை ரத்து செய்துவிட்டு ஓனரும் பார்ட்டியும் நேரடியாகப் பத்திரம் போடுவது. சில பேங்க்குகள் மூன்று தரப்புப் பத்திரத்துக்கு லோன் கொடுக்கத் தயங்கும், அப்போது இது தேவைப்படும். ஆனால் ரத்தில் கையெழுத்து விழுந்த நொடியில் உங்கள் கையில் ஒன்றுமில்லை. உங்கள் தொகைக்கான டி.டி. கையில் இருந்தால்தான் பேனாவைத் திறக்கவேண்டும். செக் வேண்டாம்.

#12 கரூர்_புதுசு
பவர் பற்றி யாரும் சொல்லவில்லையே? பவர் இருந்தால் ஓனரை ஒவ்வொரு முறையும் கூப்பிட வேண்டாம் அல்லவா?

#13 வாய்தா_வக்கீல்
பவர் என்றால் நீங்கள் ஓனருடைய ஏஜென்ட். ஏஜென்ட் 28.80-க்கு விற்றால் 28.80-க்கும் ஓனரிடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். 'மீதி 4.80 எனது' என்று சொல்ல உங்களுக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, பவரும் அக்ரிமென்ட்டும் உயிலும் வாங்கி, அதையே சொத்து வாங்கியதாக நினைத்த காலம் 2011 அக்டோபரில் முடிந்தது. சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றால் சொத்துரிமை மாறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

செலவும் குறைவில்லை. 2023 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு, குடும்பத்தார் அல்லாதவருக்கு விற்கும் அதிகாரத்தோடு கொடுக்கும் பவருக்குச் சொத்து மதிப்பில் 1% பதிவுக் கட்டணம். பவரை வைத்துப் பத்திரம் போடும்போது, கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று மருத்துவர் சான்று கேட்பார்கள். வெளிநாட்டில் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி வரும் பவர் என்றால், இந்தியாவில் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரை செலுத்த வேண்டும். இதைத் தவறவிட்டு பத்திரத்தன்று திரும்பிப் போகிறவர்கள் அதிகம்.

#14 பத்திரப்பேனா
தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றுதான் இந்த டீலின் ஆபத்து. பட்டா இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது என்றீர்கள். யார் யார் வாரிசு? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அதோடு இறந்தவரின் தாய். அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டி பிறகு இறந்திருந்தால் அந்தப் பங்கு ஓனருடைய சித்தப்பா, அத்தை வரை போகும். வாரிசுச் சான்றில் நான்கு பெயர் பார்த்துவிட்டு, அக்ரிமென்ட்டில் மூத்த மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் மற்றவர்கள் பங்கை அது கட்டுப்படுத்தாது. 'தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு' என்பது ரிஜிஸ்டர் ஆபீஸில் செல்லாது. பங்கை விட்டுக்கொடுத்த பதிவான விடுதலைப் பத்திரம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

வாரிசில் யாராவது மைனர் இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், பிரிவு 8. அனுமதி இல்லாமல் தாய் கையெழுத்துப் போட்டால், பிள்ளை மேஜரான பிறகு 3 ஆண்டுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். 90 நாளில் நீதிமன்ற அனுமதி கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். அப்படியானால் கெடுவை 'அனுமதி கிடைத்த நாளிலிருந்து 60 நாள்' என்று எழுதுங்கள்.

பிறகு, வில்லங்கம் குறைந்தது 30 வருடத்துக்கு. இணையத்தில் வராத பழைய ஆண்டுகளுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் மனுப் போட்டு வாங்க வேண்டும். அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்த சர்வே எண் கோயில் நிலமா, பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலமா, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா, அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படையா என்று பாருங்கள். பட்டா இருப்பதாலேயே விற்கலாம் என்று அர்த்தமில்லை. மூலப் பத்திரம் அசலாகக் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 'ஜெராக்ஸ் தான் இருக்கு, அசல் பேங்க் லாக்கரில்' என்றால், லாக்கரா அடமானமா என்று கேளுங்கள். அசலை ஒப்படைத்து வாங்கிய கடன் சில சமயம் வில்லங்கத்தில் வராது.

#15 தோட்டத்துக்காரர்
ரெரா கேள்விக்குச் சுருக்கமாக: ஒரே துண்டாக 60 சென்ட்டை ஒருவருக்கு மாற்றிவிடுவது ரெராவில் வராது. ஒரு புரமோட்டரின் லேஅவுட்டில் மனை விற்றுக் கொடுத்தால் தமிழ்நாடு ரெராவில் ஏஜென்ட் பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் செய்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய், அதிகபட்சம் விற்ற மனை விலையில் 5% வரை.

#16 வாய்தா_வக்கீல்
அதோடு ஒரு எச்சரிக்கை. 60 சென்ட் என்பது 26,136 சதுர அடி, ஏறக்குறைய 2,428 சதுர மீட்டர். முழுசாக வாங்க ஆளில்லை என்றதும் 'ஆளுக்கு 6 சென்ட்டாகப் பத்துப் பேருக்குப் பிரித்துவிடலாம்' என்ற யோசனை வரும். 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா பதிவு, அதற்கு முன் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம். அங்கீகாரமில்லாத மனையை மனையாகப் பதிவு செய்யப் பதிவுச் சட்டம் 22-ஏ தடை போடுகிறது. ஒரு மனைகூடப் பதிவாகாமல், வாங்கிய டோக்கன்களை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

#17 கரூர்_புதுசு
கடைசியாக இரண்டு சந்தேகம். கெடுவுக்குள் பார்ட்டி தயார், ஆனால் ஓனர் இழுத்தடிக்கிறார் என்றால்? கெடுவுக்குள் ஓனர் இறந்துவிட்டால்?

#18 வாய்தா_வக்கீல்
முதல் கேள்வி. கெடு முடியும் முன்பே, குறைந்தது 10 நாள் இருக்கும்போது, வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, கிடைத்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். 'இன்ன தேதி, இன்ன ரிஜிஸ்டர் ஆபீஸ், மீதித் தொகையுடன் காத்திருப்போம்.' அன்று நீங்களும் பார்ட்டியும் போய் நில்லுங்கள். மீதித் தொகை உங்கள் கணக்கிலோ பார்ட்டி கணக்கிலோ இருந்ததைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவையுங்கள். 'தயாராக இருந்தேன்' என்பதை நிரூபிக்காவிட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 16(சி) உங்கள் வழக்கைக் கவிழ்த்துவிடும். 2018 திருத்தத்துக்குப் பிறகு பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்குவது முன்பைவிடச் சுலபம், ஆனால் இந்த நிபந்தனை அப்படியே இருக்கிறது. வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம், அக்ரிமென்ட்டில் குறித்த கெடு நாளிலிருந்து எண்ணுவார்கள். கெடுவை நீட்டினால் வாய்வார்த்தையாக வேண்டாம். அக்ரிமென்ட்டில் கையெழுத்திட்ட அத்தனை பேரும் நீட்டிப்பிலும் கையெழுத்திட வேண்டும். ஒரு தங்கை விட்டுப்போனால் அவரளவில் கெடு முடிந்ததுதான்.

இரண்டாவது கேள்வி. அக்ரிமென்ட் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும். புதிதாக வாரிசுச் சான்று வாங்கி, வந்து சேரும் வாரிசுகள் அத்தனை பேரையும் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவராகச் சேர்த்து அதே விலைக்கு முடிக்கலாம். மறுத்தால் அவர்கள் மேலேயே வழக்குப் போடலாம். பவர் மட்டும் வாங்கியிருந்தால், பவர்தாரருக்கே அந்தச் சொத்தில் தனி நலன் இருந்தால் ஒழிய, கொடுத்தவர் கண்ணை மூடிய அன்றே அது முடிந்தது. வயதான ஓனர் என்றால் பிள்ளைகளை இப்போதே சம்மதத் தரப்பாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள். சான்றுக்கு அலையும் மாதங்களைக் கெடுவில் கழிக்காமல் இருக்க, 'இறப்பு நேர்ந்தால் வாரிசுச் சான்று கிடைத்த நாளிலிருந்து கெடு தொடரும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.